எருக்கலை இலை முட்டையும் 65 மில்லிமீற்றர் வெற்றுக் குழாயும்

எருக்கலை இலையின் அடியில் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி இட்ட முட்டையை, மேலிருந்து கீழாக ஓடும் வரிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிற மாதிரி, ஒருவழியாக எடுத்துவிட்டேன். சின்னப் பொருளைக் கிட்டப் போய்ப் பெரிதாக எடுக்கிற மக்ரோ லென்ஸ் கிடையாது. கெனானின் 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்ரிஎம் லென்ஸ், அதற்குப் பின்னால் மூன்று எக்ஸ்ரென்ஷன் ரியூப் (லென்ஸைக் கமராவிலிருந்து தள்ளி வைக்க நடுவில் மாட்டுகிற குழாய்), முன்னால் ஒரு ஐஸ்கிறீம் பெட்டி மூடி, அவ்வளவுதான். பெருமையடிக்கத்தான் எழுதுகிறேன். ஆனால் எந்த ரியூப் வாங்கலாம் என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் வட்சப்பில் குரல் பதிவு அனுப்பி அலுத்துப்போனதும் ஒரு காரணம்.

முதலில் எவ்வளவு பெரிதாக்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ரியூப் தேர்வு முழுவதும் அதில்தான் நிற்கிறது. முட்டையின் அகலம் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர். என் கமராவின் சென்சர் 22.3 மி.மீ. அகலம், அதில் 6000 பிக்சல். ஒன்றுக்கு ஒன்று, அதாவது பொருளின் அளவே சென்சரிலும் விழுவது, என்று எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிற பெருக்கத்தில்கூட முட்டை 270 பிக்சலுக்குள் அடங்கிவிடும். அதில் வரிகளை எண்ணவும் முடியாது, அச்சடிக்கவும் முடியாது. ஒன்றரை மடங்கு போனால் 400 பிக்சல், அங்கேதான் முட்டை முட்டையாகத் தெரியத் தொடங்குகிறது.

ரியூப்பின் நீளத்தை லென்ஸின் குவியத்தூரத்தால் வகுத்து, லென்ஸ் தானாகத் தருகிற பெருக்கத்தைக் கூட்டினால் கணக்கு முடிந்தது. இந்த 50 தானாக 0.21 தரும். 31 மி.மீ. ரியூப் போட்டால் 0.62 கூடி 0.83. என்னிடம் இருப்பது 13, 21, 31 என்ற செற், மூன்றையும் அடுக்கினால் 65, அது 1.3 கூட்டும், மொத்தம் 1.5. கென்கோவின் செற் 12, 20, 36 என்று வரும், மூன்றும் சேர்ந்து 68. கெனான் தன் பெயரில் போட்டவை 12, 25 என்று தனித்தனியானவை. உள்ளே கண்ணாடி எதுவும் இல்லாத வெற்றுக் குழாய்தான் எல்லாம், ஆகவே யாருடைய பெயர் பொறித்திருக்கிறது என்பதால் படத்தின் தெளிவு மாறப்போவதில்லை. மாறுவது வேறு விஷயம், அதில்தான் நான் கொஞ்சம் அதிகமாகவே மினக்கெட்டேன்.

மின்முனை. லென்ஸும் கமராவும் பேசிக்கொள்கிற அந்தச் சின்னப் பித்தளைப் புள்ளிகள். அவை இல்லாத மொட்டை வளையங்கள் 7, 14, 28 என்று திருகித் திருகி அடுக்குகிற மாதிரி மிக மலிவாகக் கிடைக்கும். நானும் ஒரு செற் எடுத்து வைத்திருக்கிறேன், என்னதான் செய்கிறது பார்ப்போம் என்று. கெனான் லென்ஸில் அப்பேச்சரை (ஒளி நுழைகிற துளை, எஃப் எண் சிறிதானால் துளை பெரிது) கமராதான் மின்சாரத்தால் மூடித் திறக்கிறது, முனை இல்லையென்றால் அது முழுக்கத் திறந்தபடியே நிற்கும். எஃப் 1.8இல் முட்டையை எடுத்தால் ஒரு வெள்ளைப் புகைதான் வரும். இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு: லென்ஸை நேரடியாகக் கமராவில் மாட்டி, எஃப் 8 வைத்து, படத்தில் எவ்வளவு ஆழம் தெளிவாக விழும் என்று பார்க்கிற பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே லென்ஸைக் கழற்ற வேண்டும். அப்பேச்சர் அந்த அளவிலேயே நின்றுவிடும். அப்புறம் வளையத்தில் மாட்டலாம். சரி, வேலை செய்கிறது. ஆனால் வியூபைண்டர் இருட்டு, அளவை மாற்ற வேண்டுமென்றால் எல்லாவற்றையும் கழற்றி மறுபடி முதலிலிருந்து, அதுவும் வெளியில் புழுதிக்குள் சென்சரைத் திறந்து வைத்துக்கொண்டு.

எஸ்ரிஎம் லென்ஸுக்கு இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. இதன் போகஸ் வளையம் உள்ளே எதையும் நேராகச் சுற்றுவதில்லை, மோட்டாருக்குச் சொல்லத்தான் செய்யும். மின்சாரம் போகாவிட்டால் கையால் எவ்வளவு சுற்றினாலும் ஒன்றும் அசையாது. பழைய 50 எஃப் 1.8 இரண்டாம் பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கரைச்சல் இல்லை, அதில் வளையம் நேரடியாகச் சுற்றும். அப்பேச்சர் வளையம் லென்ஸிலேயே உள்ள பிலிம் காலத்து எம்42 லென்ஸ்களுக்கு மொட்டை வளையம் தாராளமாகப் போதும். இங்கே மூடிப்போன பழைய ஸ்ரூடியோக்களின் அலுமாரிகளில் அப்படிப்பட்ட லென்ஸ்கள் இன்னும் கிடக்கும், பூஞ்சணம் பிடிக்காததாகப் பார்த்து எடுக்க வேண்டும். மற்றவர்கள் எல்லோரும் முனை உள்ளதை வாங்குங்கள்.

வாங்கும்போது வெள்ளைச் சதுரக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். சிவப்புப் புள்ளி மட்டும் இருந்தால் ஈஎஃப் லென்ஸ்தான் ஏறும், கமராவோடு வந்த 18-55 போன்ற ஈஎஃப்-எஸ் லென்ஸ் ஏறாது. ரவுணில் உள்ள கடைகளில் முக்காலி, மெமரி காட், கலியாண வீட்டு லைற் எல்லாம் நிறைய இருக்கிறது, ரியூப் என்றால் "எடுப்பிச்சுத் தரலாம்" என்பதுதான் பதில். நான் கொழும்பிலிருந்து கூரியரில் எடுத்தேன். என் செற் என்ன பெயர் என்று கேட்காதீர்கள், ஏனென்றால் அதைப் பற்றி நல்லதாகச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. ஒரு ரியூப் மட்டும் மாட்டினால் பிரச்சினையே இல்லை. மூன்றையும் அடுக்கினால் இணைப்பு ஒவ்வொன்றிலும் ஒரு மயிரிழை ஆட்டம், மூன்றும் சேர்ந்து லென்ஸ் முழங்கை மாதிரி மடங்கிக் கீழே தொங்குகிறது. அந்த ஆட்டத்தில் முனைகள் விலகித் திரையில் எரர் 01 வந்து நின்றுவிடும். உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்து பித்தளையில் ஒரு மங்கல் படியவிடுகிறது என்பது என் கணிப்பு. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூள் உள்ளே விழாமல் ரியூப்பைக் கவிழ்த்துப் பிடித்துத் தட்டினால் சில நாட்களுக்குச் சரியாக இருக்கும். இப்போது அதிகம் ஆடுகிற 13ஐக் கமராப் பக்கமாக வைக்காமல் லென்ஸ் பக்கமாக வைக்கிறேன், கமராப் பக்கத்துக்கு இறுக்கமான 31. பாரம் முழுவதும் அந்த முதல் இணைப்பில்தான் விழுகிறது. இந்த ஒரு வரிசை மாற்றத்தில் எரர் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது.

எல்லா லென்ஸுக்கும் எல்லா ரியூப்பும் ஒத்துவராது. 18-55ஐ 18இல் வைத்து 31 ரியூப் போட்டால் போகஸ் விழுகிற இடம் லென்ஸின் உள்ளேயே வந்துவிடும், எந்தப் பூச்சியும் அங்கே போய் உட்காராது. 55-250ஐ 250இல் வைத்து 65ஐயும் போட்டால் கணக்குக்கு அரை மடங்குக்குச் சற்று மேல்தான் பெருக்கம், ஆனால் தும்பிக்கும் எனக்கும் நடுவில் நல்ல இடைவெளி இருக்கும், அது பறக்காது. முசுறு எறும்புக் கூட்டுக்கும் அதுதான் நல்லது, கிட்டப் போனால் கடி வாங்க வேண்டியதுதான். கலியாணப் படம் எடுக்கிற தம்பி ஒருவர் "அண்ணை, தாலிக்கொடியும் மோதிரமும் எடுக்க எது வாங்கட்டும்?" என்று கேட்டார். அவரிடம் 85 லென்ஸ் இருக்கிறது. "கொடிக்கு 13ஐப் போடுங்கோ, மோதிரத்துக்கு 31, மூண்டையும் அடுக்கிக்கொண்டு மணவறையில நிண்டா ஐயர் கலைச்சுப் போடுவார்" என்றேன்.

மறுபடி முட்டைக்கு வருகிறேன். 50இல் 65 போட்டு ஒன்றரை மடங்கில் நின்றால் லென்ஸின் முகத்துக்கும் முட்டைக்கும் இடையில் ஒரு விரல் நீளம்கூட இல்லை. கமராவில் எழும்புகிற பிளாஷைப் போட்டால் லென்ஸின் நிழலே இலை முழுவதும் விழும். கழற்றிப் போடுகிற பிளாஷைப் பக்கத்தில் வைத்து, நடுவில் ஐஸ்கிறீம் பெட்டியின் வெள்ளை மூடியைப் பிடித்து, எதிர்ப் பக்கத்தில் ஒரு துண்டு றெஜிபோம் சாய்த்தேன். அந்த ஒளி வரிகளுக்குக் குறுக்காகச் சாய்வாக விழ வேண்டும், நேராக விழுந்தால் முட்டை வெறும் வெள்ளைப் பொட்டு. மூடியை ஒரு விரலளவு பின்னுக்கு இழுத்தபோதுதான் பள்ளங்களில் மெல்லிய நிழல் விழுந்து வரிகள் எழும்பின.

அடுத்தது அப்பேச்சர். கிட்டப் போகப் போக எஃப் எண் எழுதியிருப்பது ஒன்று, நடப்பது வேறொன்று. ஒன்றரை மடங்கில் எண்ணை இரண்டரையால் பெருக்கிக்கொள்ள வேண்டும், அதாவது எஃப் 8 என்பது எஃப் 20 மாதிரி வேலை செய்யும். ஒளி ஆறில் ஒரு பங்காகக் குறைவது ஒரு பக்கம், அதைப் பிளாஷ் சமாளிக்கும். துளை சின்னதாகிப் படம் முழுவதும் மழுங்குவதைத்தான் எதுவும் சமாளிக்காது. ஆழம் வேண்டுமென்று எஃப் 16 வைத்தால் எல்லாமே ஒரே சீராக மங்கல். எஃப் 5.6இல் வரிகள் கத்தி மாதிரி விழுந்தன, ஆனால் தெளிவான ஆழம் கால் மில்லிமீற்றருக்குக்கூடப் போதாது, முட்டையின் முன் வயிறு மட்டும்தான். ஆகவே 5.6இலேயே கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்த்தி நிறையப் படங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் தெளிவாக விழுந்த பகுதியைச் சேர்த்து ஒரே படமாகக் கணினியில் அடுக்கினேன். போகஸ் வளையத்தைத் தொடவே இல்லை, இந்தப் பெருக்கத்தில் அதைச் சுற்றினால் பெருக்கமும் சேர்ந்து மாறுகிறது. கமராவைத்தான் நகர்த்த வேண்டும்.

சோளகம் அடிக்கிற மாதங்களில் இதை வெளியில் செய்யலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எருக்கலை இலை அகலமானது, சின்னக் காற்றுக்கே பாய் மாதிரி விரியும். உடுப்புக் கிளிப்பைக் கம்பியில் கட்டி மண்ணில் குத்திப் பிடித்தும் சரிவரவில்லை. இலையை வெட்டி வீட்டுக்குள் கொண்டுவந்துதான் எடுத்தேன். வெட்டிய காம்பிலிருந்து பால் வடிகிறது, கையைக் கழுவாமல் கண்ணைத் தொடக்கூடாது, வியூபைண்டரையும். எடுத்து முடிந்ததும் இலையைக் கிளிப்போடு அதே செடியில் மாட்டிவிட்டேன். முட்டையிலிருந்து வருகிற புழு முதலில் தன் ஓட்டைத்தான் தின்னும், அப்புறம் அதற்குப் பச்சை எருக்கலை இலை வேண்டும். அந்த ஓடு தின்கிற காட்சியை எடுக்க ஆசைதான், ஆனால் அடுக்கி எடுக்கிற முறை அசைகிற புழுவிடம் எடுபடாது, ஒரே படத்தில் பிடிக்க வேண்டும்.

அதற்காக ரேனொக்ஸ் டிசிஆர்-250 என்ற கவ்வு லென்ஸைப் பார்த்து வைத்திருக்கிறேன். அதன் வலு எட்டு டயொப்ரர், 250 லென்ஸின் முன்னால் கவ்வினால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, புழுவுக்கும் லென்ஸுக்கும் இடையில் ஏறத்தாழ அரைச் சாண் அளவு இடம். பிளாஷ் தாராளமாக நுழையும். விலைதான் இடிக்கிறது, ரொறன்ரோவில் உள்ள அக்கா வருகிறபோது கொண்டுவரச் சொல்லிப் பார்க்க வேண்டும், ஏற்கெனவே அவவின் பெட்டியில் என் பங்கு இடம் முடிந்துவிட்டது என்று ஒரு பேச்சு இருக்கிறது.

அதற்கு முன்னால் மலிவான வழி ஒன்றைப் பார்க்கப் போகிறேன். 50ஐத் தலைகீழாகத் திருப்பி மாட்டுகிற 49 மி.மீ. வளையம் ஒன்றுக்கு ஓடர் கொடுத்திருக்கிறேன். எஸ்ரிஎம் திருப்பினால் மின்முனை வெளியே பார்க்கும், போகஸும் அப்பேச்சரும் கையை விட்டுப் போகும், மறுபடி அந்தப் பொத்தானை அழுத்திக்கொண்டு கழற்றுகிற கூத்துத்தான். ஆனால் அப்படி மாட்டும்போது பின்னால் வைக்கிற ரியூப்புக்கு முனையே தேவையில்லை, ஆகவே அந்த மொட்டை வளையங்கள் 28ஐயும் 14ஐயும் எண்ணெய்த் துணியால் துடைத்து மேசையில் எடுத்து வைத்திருக்கிறேன்.