போஸ்டிங்குக்கு முன் பாவனை நோயாளியோடு பழகுவது எப்படி?

ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளை நோயாளி தானே செய்யப் பழக்கும் சிகிச்சை) மாணவர்களுக்கு, நிஜ நோயாளிகளோடு பயிற்சி எடுக்கும் முதல் கிளினிக்கல் போஸ்டிங் நெருங்கும்போது வரும் பயம் பெரும்பாலும் பாடத்தைப் பற்றியது அல்ல. பக்கவாதம் வந்தவருக்குச் சட்டை போடும்போது பாதிக்கப்பட்ட கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தச் சட்டையோடு நம் அப்பா வயதுள்ள ஒருவர் முன்னால் போய் நின்று, பேச்சை எப்படித் தொடங்குவது? பாவனை நோயாளிகளோடு நடக்கும் வகுப்பு உதவுவது இங்கேதான். அந்த வகுப்பை முடித்துப் போஸ்டிங் போய் வந்தேன். இப்போது ஜூனியர்களுக்கு அதே வகுப்பு நடக்கும்போது கூட இருந்து உதவுகிறேன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

பாவனை நோயாளி என்பவர் ஒரு நோயாளியின் கதை, உடல்நிலை, மனநிலை மூன்றையும் பயிற்சி எடுத்து நடித்துக் காட்டுபவர். 1963இல் அமெரிக்காவில் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் தொடங்கிவைத்த முறை இது. 1975இல் ரொனால்ட் ஹார்டன் ஆஸ்கி (OSCE) தேர்வை, அதாவது மணி அடிக்க அடிக்க இடம் மாறிச் செய்முறைகளைச் செய்து காட்டும் தேர்வை, அறிமுகப்படுத்தினார். அந்தத் தேர்விலும் பாவனை நோயாளிகள் பரவலாக வந்துவிட்டதால், இவர்களைப் பார்த்ததுமே நம் ஆட்களுக்குத் தேர்வு ஞாபகம் வந்துவிடுகிறது. மணி அடிப்பதற்குள் எல்லாக் கேள்வியையும் கேட்டு முடிக்கும் அவசரமும் கூடவே வருகிறது. என்னைக் கேட்டால், இந்த வகுப்பின் பயனைக் கெடுப்பது இந்த அவசரம்தான். இது மார்க் வாங்கும் இடம் இல்லை. பாதியில் நிறுத்தவும், திரும்பச் செய்யவும், நோயாளியிடமே கருத்துக் கேட்கவும் உங்களுக்குக் கிடைக்கும் ஒரே இடம்.

ஒரு வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். நடித்தவருக்கு இடது பக்கம் வாதம் வந்தவர் பாத்திரம். மாணவர் பணிவாகத் தன்னை அறிமுகம் செய்துகொண்டு முதல் கேள்வி கேட்டார். “எனக்கு ஒன்றும் வேண்டாம், வீட்டுக்கு அனுப்பினால் போதும்” என்று பதில் வந்தது. மாணவர் தலையாட்டிவிட்டு, ஃபார்மைப் பார்த்து அடுத்த கேள்விக்குப் போனார்: “வீட்டில் படிக்கட்டு இருக்கிறதா?” அதற்குப் பிறகு வந்த பதில்கள் எல்லாம் ஒற்றைச் சொல்தான்.

பாத்திரத்திலிருந்து வெளியே வந்ததும் நடிகர் சொன்னார்: “ஏன் வீட்டுக்குப் போக வேண்டும் என்று கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் ஃபார்மைப் பார்த்ததும், இவரிடம் சொல்லிப் பயனில்லை என்று தோன்றிவிட்டது.” அவருக்குக் கொடுத்திருந்த கதையில் அதற்குப் பதில் இருந்தது. மகள் துணையில்லாமல் தானே கழிப்பறைக்குப் போய் வர வேண்டும் என்பதுதான் அந்த மனிதரின் ஆசை. சிகிச்சையின் இலக்கே அதுதான். அது வெளியே வராமலே நேர்காணல் முடிந்துவிட்டது. நாம் பயன்படுத்தும் கனடிய அளவுகோலில் (COPM), அன்றாட வேலைகளை எவ்வளவு செய்ய முடிகிறது என்று நோயாளியையே 1 முதல் 10 வரை மதிப்பெண் போடச் சொல்கிறோமே, மனம் திறக்காதவர் எதற்கும் ஐந்து என்று சொல்லிவிட்டுப் போவார்.

பிறகு அதே காட்சியைத் திரும்பச் செய்தார்கள். இந்த முறை மாணவர் ஃபார்மைக் கீழே வைத்துவிட்டு, “வீட்டில் என்ன செய்ய முடியவில்லையே என்று கஷ்டமாக இருக்கிறது?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். கொஞ்ச நேர மௌனத்துக்குப் பிறகு கழிப்பறை விஷயம் தானாக வந்தது. அதனால் வாய்ப்புக் கிடைத்தால் உடனே இரண்டாவது முறை கேளுங்கள். ஒரு வாரம் கழித்துச் செய்தால் இந்த வித்தியாசம் கையில் நிற்காது.

கருத்துக் கேட்கும்போது “நான் எப்படிச் செய்தேன்?” என்று கேட்காதீர்கள், “நன்றாகச் செய்தீர்கள்” என்றுதான் பதில் வரும். “எந்த இடத்தில் என் மேல் நம்பிக்கை வந்தது, எந்த இடத்தில் போனது?” என்று கேளுங்கள்.

டிரான்ஸ்ஃபர், அதாவது நோயாளியைக் கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாற்றும் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. வீல்சேரை வலுவான பக்கம் வைப்பது, பிரேக் போடுவது, ஃபுட்ரெஸ்டை ஒதுக்குவது, தொடுவதற்கு முன் சொல்லி அனுமதி வாங்குவது, வாதம் வந்த கையைப் பிடித்து இழுக்காமல் இருப்பது எல்லாவற்றையும் பாவனை நோயாளியிடம் நன்றாகப் பழகலாம். ஆனால் உண்மையான தசை இறுக்கத்தையோ, தளர்ந்து தொங்கும் தோளின் கனத்தையோ எவ்வளவு நல்ல நடிகராலும் காட்ட முடியாது. அதைக் கைகள் போஸ்டிங்கில்தான் கற்கும். இங்கே சுலபமாக வந்துவிட்டது என்று அங்கே தனியாகத் தூக்கப் போகாதீர்கள். முதல் சில நோயாளிகளுக்குச் சூப்பர்வைசரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் நிஜப் போஸ்டிங்குக்கு ஈடாகுமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆஸ்திரேலியாவில் பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து செய்த ஆய்வு 2018இல் வெளியானது. ஆக்குபேஷனல் தெரபி மாணவர்களில் ஒரு பிரிவினருக்கு 40 மணி நேரப் பாவனைப் பயிற்சி, இன்னொரு பிரிவினருக்கு அதே அளவு வழக்கமான போஸ்டிங். இரண்டு பிரிவுக்கும் மதிப்பீட்டில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அதற்காகப் போஸ்டிங்கே வேண்டாம் என்று ஆகாது. உலக ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் கூட்டமைப்பு 1000 மணி நேரக் களப்பயிற்சியைக் குறைந்தபட்சமாக வைத்திருக்கிறது. அதில் 40 என்பது சிறிய பங்குதான்.

இன்னொன்று. கொடுக்கப்படும் கேஸ் உங்கள் குடும்பத்தில் சமீபத்தில் நடந்ததைப் போலவே இருந்தால், ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கேஸை மாற்றிக்கொடுப்பார்கள். நடிப்புதானே என்று சமாளித்து உட்கார வேண்டியதில்லை.

பயிற்சி பெற்ற நடிகர்கள் கிடைக்காத கல்லூரியா? சீனியர்களைக் கேளுங்கள். கூடப் படிப்பவர் நடித்தால், நீங்கள் என்ன கேட்கப் போகிறீர்கள் என்று அவருக்கே தெரியும். கேட்காததையும் சேர்த்துச் சொல்லிவிடுவார். சீனியர் ஒருவர் தான் பார்த்த நோயாளிகளை மனதில் வைத்து, அடையாளம் தெரியாதபடி மாற்றி, ஒரு பக்கத்துக்குக் கதை எழுதட்டும். அதில் ஒரு விஷயத்தை மட்டும், உரிய கேள்வி வந்தாலொழியச் சொல்லக் கூடாது என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பார்த்துக்கொண்டிருப்பவர்களில் ஒருவர் நோயாளியின் முகத்தை மட்டும் கவனிக்கட்டும், இன்னொருவர் உங்கள் கைகளை மட்டும். முடிந்ததும் முதலில் பேச வேண்டியவர் நோயாளியாக நடித்தவர். நீங்கள் கடைசியில் பேசினால் போதும்.