அலாரம் அடித்தால் யார் எழுந்து வர வேண்டும்?

புண்ணுக்குள் ஃபோம் வைத்து, மேலே ஒட்டும் ஃபிலிமால் மூடி, கசிவை பம்பால் உறிஞ்சி எடுக்கும் மெஷின் எங்களுடையது. ஃபிலிமின் ஓரம் தூக்கிக் காற்று உள்ளே நுழைந்தால் அதில் லீக் அலாரம் அடிக்கும். அந்தச் சத்தத்தை எவ்வளவு நேரம் நிறுத்தி வைக்க அனுமதிக்கலாம்? இந்தக் கேள்விக்கு நான் இரண்டு நிமிடம் என்று எழுதினேன். அதற்கு மேல் ஒரு நொடியும் கூடாது என்று கூட்டத்தில் வாதாடினேன். இன்றும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் நிற்கிறேன். ஆனால் வீட்டில் வைத்துப் பயன்படுத்தும் அந்த மாடலைக் காயப் பராமரிப்பில் பழுத்த ஒரு சிஸ்டரிடம் காட்டியபோது அவர் கேட்டது இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நான் எல்லாவற்றையும் விளக்கி முடிக்கும்வரை அவர் பொறுமையாகக் கேட்டார். அப்புறம் சொன்னார்: "வார்டுல இது கத்தினா நான் வருவேன் சார். வீட்ல ராத்திரி ரெண்டு மணிக்கு இது யாரைக் கூப்பிடுது?"

"நோயாளியைத்தான் சிஸ்டர். கூட இருக்கறவங்களையும்."

"புண்ணு வால் எலும்புகிட்ட இருக்கு. அவரால திரும்பிப் பார்க்க முடியாது. கூட இருக்கறது வயசான மனைவி. ஃபிலிம் எந்த ஓரத்துல தூக்கியிருக்குன்னு அந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்?"

கையேட்டில் படம் போட்டிருக்கிறோம் என்றேன். அவர் மறுத்துப் பேசவில்லை. "ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை கத்தினா மெஷினையே ஆஃப் பண்ணிட்டுத் தூங்கிடுவாங்க சார், அவ்வளவுதான்" என்றார்.

அவர் லீக் கண்டுபிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். முகத்தைப் படுக்கைக்குப் பக்கத்தில் கொண்டுபோய், ஃபிலிமின் ஓரத்தை விரலால் மெதுவாக அழுத்திக்கொண்டே போவார். மெல்லிய உஸ் சத்தம் எந்த இடத்தில் நிற்கிறதோ அங்கே ஒரு துண்டு ஃபிலிமை ஒட்டுவார். ஃபோம் சட்டென்று உலர்திராட்சை மாதிரி சுருங்கிக் கெட்டியாகும். எல்லாம் ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடத்தை மனதில் வைத்துத்தான் நான் இரண்டு நிமிடம் என்று எழுதினேனோ என்று சில நேரம் தோன்றும். அப்படி இல்லை. எனக்கு வேறு காரணங்கள் இருந்தன, அவை நல்ல காரணங்கள்தான்.

உறிஞ்சல் நின்றுவிட்டால் ஃபோம் என்பது புண்ணுக்குள் மூடி வைத்த, கசிவு ஊறிய பஞ்சு. கிருமி வளர அதைவிடத் தோதான இடம் கிடையாது. அதனால்தான் ஒரு நாளில் மொத்தம் 2 மணி நேரத்துக்கு மேல் மெஷின் நிற்கக் கூடாது, நின்றால் டிரெஸ்ஸிங்கைப் பிரித்து எடுத்துவிட வேண்டும் என்ற விதி பரவலாக இருக்கிறது. சத்தத்தை ராத்திரி முழுக்க அடக்க வழி கொடுத்தால் அந்த விதியை மீற நானே பட்டன் வைத்துக் கொடுத்த மாதிரி ஆகும். இதை எழுதும்போதும் எனக்கு அதில் சந்தேகம் இல்லை.

கூட்டத்தில் நான் காட்டிய இன்னொரு ஆதாரம் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2009-ல் விட்ட எச்சரிக்கை. இந்தச் சிகிச்சை தொடர்பாக முந்தைய இரண்டு ஆண்டுகளில் 6 இறப்புகளும் 77 பாதிப்புகளும் பதிவாகியிருப்பதாக அது சொன்னது. மிகக் கடுமையான சிக்கல் ரத்தப்போக்கு. இறந்தவர்களில் பெரும்பாலோர் வீட்டிலோ நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்திலோ இருந்தவர்கள். வீட்டுக்குப் போகும் மெஷினில் அலாரத்தைத் தளர்த்தக் கூடாது என்பதற்காகத்தான் அதைக் காட்டினேன். பிறகு யோசித்தபோது அதே எச்சரிக்கை சிஸ்டர் பக்கமும் பேசுவது தெரிந்தது. மெஷின் சொல்வதைப் புரிந்துகொண்டு உடனே கை வைக்கத் தெரிந்த ஆள் வீட்டில் இல்லை என்பதுதானே அவர் சொன்னதும்?

சத்தமே வராமல் செய்ய ஒரு குறுக்குவழி உண்டு. பெரிய பம்ப் போட்டால் சின்ன லீக்கையெல்லாம் அது அமுக்கிவிடும், திரையில் உறிஞ்சும் அழுத்தம் 125 எம்எம்எச்ஜி (பாதரச மில்லிமீட்டர்) என்று அசையாமல் நிற்கும். ஆனால் ஓயாமல் காற்று நுழையும் இடத்தில் புண் காய்ந்துபோகும், பேட்டரி சீக்கிரம் தீரும். அதைவிட முக்கியம், ரத்தம் கசிய ஆரம்பித்தால் பெரிய பம்ப் அதையும் அதிக வேகத்தில் இழுக்கும். அதனால் பம்பை பெரிதாக்கும் யோசனையை நான் எதிர்த்தேன். அதில் சிஸ்டரும் என் கட்சி.

திரையில் தெரியும் எண்ணை நம்புவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. சென்சார் மெஷினுக்குள் இருக்கிறது, புண் படுக்கையில் இருக்கிறது. மெஷினைப் புண்ணுக்கு அரை மீட்டர் மேலே மாட்டிவிட்டு டியூப் முழுக்கத் திரவம் நின்றால், அந்த உயரத்துக்கே கிட்டத்தட்ட 37 எம்எம்எச்ஜி போய்விடும். திரையில் 125, புண்ணில் 88. இதற்காகத்தான் திரவம் வரும் வழியோடு சேர்க்காமல், அழுத்தம் பார்க்க மட்டும் தனி வழி ஒன்றை டியூபுக்குள் கொடுக்கிறோம். இந்த மாதிரி விஷயங்களில் எனக்குத் தூக்கம் கெடுவதில்லை. கணக்கு இருக்கிறது, கணக்குக்குத் தீர்வு இருக்கிறது. அந்தம்மா ராத்திரியில் என்ன செய்வார் என்பதற்குக் கணக்கு இல்லை.

மருத்துவக் கருவிகளுக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 14971 ஆபத்தைக் குறைக்க ஒரு வரிசை சொல்கிறது. முதலில் வடிவமைப்பிலேயே ஆபத்தை நீக்கு, முடியாவிட்டால் பாதுகாப்பு ஏற்பாடு வை, அதற்கும் அப்புறம்தான் தகவலும் பயிற்சியும். எங்கள் ஆவணத்தில் லீக் அலாரம் இரண்டாவது வகையில் இருந்தது. சிஸ்டரோடு பேசியபிறகு எனக்கு வந்த சந்தேகம் இது: அலாரத்தைக் கேட்பவரால் எதுவுமே செய்ய முடியாது என்றால், அதைப் பாதுகாப்பு ஏற்பாடு என்று எப்படிச் சொல்வது? வார்டில் அது பாதுகாப்புதான். அதே சத்தம், அதே டெசிபல், அந்த வீட்டில் வேறு ஏதோ ஆகிவிடுகிறது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால் மெஷின் முழுக்க அணைந்துவிடும். அணைந்த மெஷின் யாரையும் எழுப்பாது.

சில மாற்றங்கள் செய்தோம். லீக் இருந்தாலும் அழுத்தம் நிலையாக நின்றால் முதலில் மஞ்சள் விளக்கு மட்டும் எரியும், அழுத்தம் இறங்கினால்தான் சத்தம். லீக் அளவைக் காட்டும் ஒரு பட்டையைத் திரையில் சேர்த்தோம். ஃபிலிமின் ஓரத்தை விரலால் அழுத்திக்கொண்டே போனால் சரியான இடம் வந்ததும் பட்டை குறையும். சிஸ்டரின் காது செய்யும் வேலையைத் திரை கொஞ்சமாவது செய்யட்டும் என்றுதான். அவரிடம் காட்டினேன். "நல்லா இருக்கு சார்" என்றார். ஆனால் ஒரு கையில் கணவரைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அழுத்திக்கொண்டே அந்தம்மா எப்படித் திரையைப் பார்ப்பார் என்று அவர் கேட்கவில்லை. நான்தான் கேட்டுக்கொண்டேன்.

இரண்டு நிமிடம் அப்படியேதான் இருக்கிறது. அடுத்த பதிப்புக்கான கூட்டத்திலும் அதற்காகவே பேசுவேன். கூடவே ஒன்று கேட்கப் போகிறேன்: இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை டிரெஸ்ஸிங் மாற்றும்போது, லீக்கைக் கண்டுபிடித்து ஒட்டுவதை வீட்டில் இருப்பவர் கையாலேயே ஒருமுறை செய்து பார்க்க வைக்க வேண்டும், ஒட்டுவதற்கான ஃபிலிம் துண்டுகள் பெட்டியோடு வர வேண்டும். இதையெல்லாம் மெஷினின் தேவைப் பட்டியலில் எழுத முடியுமா என்று தரப் பிரிவில் கேட்கிறார்கள். எழுதலாம் என்றுதான் நினைக்கிறேன். வேலை செய்கிறது என்று எப்படிச் சோதித்துக் காட்டுவது என்பதற்குத்தான் என்னிடம் இன்னும் பதில் இல்லை.