கூரை எங்கே விழுந்தது? – நவம்பர் நாட்குறிப்பு

நவம்பர் 1, சனி

நீல ஃபோம் பலகை வந்துவிட்டது. 10 மி.மீ. தடிப்பு. வீட்டுச் சுவருக்குள் குளிர் தடுக்கப் போடுகிற அதே சாமான்தான். வெள்ளை ரெஜிபோம் போல மணிமணியாக உதிராது. பேனா நுனியால் கீறினால் கோடு அப்படியே நிற்கும். வார்ஹாமர் என்பது சின்னப் பொம்மைப் படைகளை மேசையில் நகர்த்தி ஆடும் போர் விளையாட்டு. மூன்று வருடமாக இரவல் வாங்கிய மாதிரி இடிபாடுகளுக்குள்தான் என் படை ஒளிந்து நின்றது. இந்த மாதம் எங்கள் மேசைக்கென்றே, கூர்வளைவு ஜன்னல் வைத்த கோதிக் பாணியில், இடிந்த தேவாலயம் ஒன்று.

முதலில் ஜன்னல் வளைவு. அகலம் 60 மி.மீ. என்றால் கவராயத்தையும் 60க்குத் திறந்து, இரு பக்க அடியிலும் ஊன்றி ஒவ்வொரு வில் போட வேண்டும். இரண்டும் சந்திக்கும் இடமே கூர்முனை, 52 மி.மீ. உயரத்தில் வருகிறது. ஆறு ஜன்னல் வெட்டினேன். பிறகு சுவரின் மேல்விளிம்பைக் கையால் பிய்த்துப் பிய்த்து எடுத்தேன். வடிவாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மனம் ஒப்பவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

இங்கிலாந்தின் கொவென்ட்ரி நகருக்குப் போய்வந்தேன். 1940 நவம்பர் 14 இரவு ஜெர்மன் விமானங்களின் எரிகுண்டுகளில் வெந்துபோன புனித மைக்கேல் பேராலயம். கூரை இல்லை, உள்ளே நின்ற தூண் வரிசைகள் இல்லை. சுற்றுச்சுவரோ பெரும்பாலும் நிற்கிறது. ஜன்னல்களின் கல் பின்னல்கூடப் பல இடங்களில் அப்படியே இருக்கிறது.

அதாவது, நான் நேற்றுப் பிய்த்ததெல்லாம் பிழை. 19ஆம் நூற்றாண்டில் கூரையைத் தாங்கவென்று இரும்பு உத்திரங்கள் வைத்தார்கள். அன்றிரவுச் சூட்டில் அவை வளைந்து முறுகி, தூண்களையும் வளைவுகளையும் சேர்த்து இழுத்து விழுத்தின. கட்டடம் எப்படி விழுந்தது என்று தெரியாமல் நான் இடிபாடு கட்டப் போயிருக்கிறேன்.

ஒரு ஜன்னலின் அடிக்கல்லைத் தடவிப் பார்த்தேன். சிவப்பு மணற்கல். விளிம்பெல்லாம் பாவித்த சவர்க்காரக் கட்டி போல மழுங்கிக் கிடக்கிறது. விரலில் தூள் ஒட்டியது. என் சுவரின் நிறம் இதுதான், சாம்பல் அல்ல.

கோபுரமும் தப்பி நிற்கிறது, ஏறத்தாழ 90 மீட்டர். 28 மி.மீ. பொம்மைகளுக்கு ஏற்ற 56இல் ஒரு பங்கு அளவில் கட்டினாலும் 1.6 மீட்டர் வரும். அதை விட்டுவிட்டேன்.

நவம்பர் 5, புதன்

சுவர்கள் மறுபடி முழுதாக. அலுமினியத் தாளைக் கசக்கி உருண்டையாக்கி ஃபோம்மேல் அழுத்தினால் கல்லின் சொரசொரப்பு வந்துவிடுகிறது. ஜன்னல் பின்னலுக்குச் சீரியல் பெட்டி அட்டை, இரண்டு படையாக. ஒரு ஜன்னலுக்கே மூன்று மணி நேரம்.

நவம்பர் 9, ஞாயிறு

அவசரப்பட்டேன். கறுப்பு அக்ரிலிக் பெயின்ட்டில் பிவிஏ என்ற வெள்ளைப் பசை கலந்து சுவரை மூடினேன். ஜன்னல் உள்விளிம்புகளை விட்டுவிட்டேன். மேலே ஸ்பிரே பெயின்ட் அடித்ததும் அதிலுள்ள கரைப்பான் அந்த விளிம்புகளைத் தின்றுவிட்டது. எரிந்த கல் என்று சொல்லிச் சமாளிக்கலாம் என்றான் தம்பி. கல் வெடிக்கும், அடை அடையாகக் கழரும். மெழுகு போல உருகி வழியாது. இரண்டு ஜன்னலை வெட்டி எறிந்தேன்.

நவம்பர் 12, புதன்

அப்பா மேசையருகில் நெடுநேரம் நின்றார். யாழ்ப்பாணத்தில் குண்டு விழுந்த வீடுகளுக்குள் போய்வந்தவர்.

“வடிவாத்தான் இருக்கு பிள்ளை. கூரை எங்கை?”

“எரிஞ்சு விழுந்திட்டுது அப்பா.”

“விழுந்தது எங்கை?”

நான் பேசாமல் நின்றேன். “விழுந்த வீட்டுக்குள்ளை தரை தெரியாது. ஓடு, சிலாகை, கல்லு எல்லாம் முழங்கால் மட்டுக்குக் கிடக்கும். கூட்டிறதெல்லாம் பிறகுதான்.”

கொவென்ட்ரியில் நான் பார்த்தது கூட்டித் துப்புரவாக்கிய தரை. தாக்குதலுக்குப் பிறகு எடுத்த படங்களைத் தேடினேன். நடுமண்டபம் முழுக்கக் கல் குவியல்.

நவம்பர் 16, ஞாயிறு

தூண்களை முழுதாகச் செய்து, கத்தியால் உருளை உருளையாக அறுத்து, நின்ற வரிசையிலேயே கிடத்தினேன். வளைவுக் கற்கள் அவற்றுக்குப் பக்கத்தில். மெழுகுதிரியில் கருக்கிய ஐஸ்பழக் குச்சிகள் கூரை மரங்கள். அட்டையில் செய்த உத்திரங்களை வளைத்து நடுவில் போட்டேன். முதல் நாள் பிய்த்த துண்டுகள் எல்லாம் இப்போது கல்லாகப் பயன்பட்டன.

குவியல் கூடினால் பொம்மை நிற்காது, சரிந்து விழும். பொம்மையின் காலடியில் வரும் 32 மி.மீ. தட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டு தூண் வரிசைக்கும் நடுவே அது உட்காருகிற தட்டையான இடங்களை விட்டுவிட்டுத்தான் ஒட்டினேன்.

கொவென்ட்ரியில் எரிந்த இரண்டு கூரை மரங்கள் சிலுவையாகக் கிடக்கக் கண்ட கல்தச்சர் ஒருவர் அவற்றைக் கட்டி நிறுத்தினார். அதை மட்டும் என் மேசையில் வைக்கவில்லை. அது அந்த ஆலயத்துக்குரியது.

நவம்பர் 19, புதன்

சிவப்பின்மேல் காய்ந்த தூரிகையால் வெளிர் மஞ்சள். ஜன்னல் உச்சிகளுக்கு மேலே கரி. நெருப்பு வெளியே வந்த வழி அதுதானே.

நவம்பர் 22, சனி

முதல் ஆட்டம். தம்பியின் ஐந்து பேர் விழுந்த தூணுக்குப் பின்னால் பதுங்கினார்கள். ஜன்னல் பின்னலூடே என் ஆட்களுக்கு இரண்டு பேர் மட்டும் தெரிந்தார்கள். அவனுடைய டாங்கி வாசலில் நுழையவில்லை. சுற்றிவர அவனுக்கு இரண்டு சுற்றுப் போய்விட்டது. அப்பா குனிந்து உள்ளே பார்த்தார். “இப்ப சரி,” என்றார். பிறகு, மேற்கு மூலையில் இன்னும் கொஞ்சம் கல் வேண்டும் என்று விரலால் காட்டினார். நாளை அதை ஒட்ட வேண்டும்.