ஹீமோபிலியா இருந்தால் பல்லைத் தொடவே கூடாதா?

என் தம்பிக்குக் கடுமையான ஹீமோபிலியா ஏ, அதாவது ரத்தம் சரியாக உறையாத நோய். ரத்தம் உறையத் தேவையான எட்டாவது ஃபாக்டர் அவன் உடம்பில் 1 சதவீதத்துக்கும் கீழே. "பல் டாக்டர் பக்கமே போயிடாதே" என்று அவனிடம் சொல்லாத ஆள் இல்லை. எனக்கு இந்த அறிவுரை மீதுதான் கோபம். ஈறில் ரத்தம் வருகிறதே என்று பயந்து பல் தேய்ப்பதைக் குறைத்தால் ஈறு வீங்கி இன்னும் அதிகமாகத்தான் வரும், சின்ன அடைப்போடு முடிந்திருக்க வேண்டிய பல்லும் கடைசியில் பிடுங்க வேண்டியதாகிவிடும்.

பிடுங்கலாம், ஆனால் ரத்தநோய் மருத்துவரும் பல் மருத்துவரும் முன்கூட்டியே பேசி, எவ்வளவு ஃபாக்டர், எப்போது ஏற்ற வேண்டும் என்று முடிவு செய்திருக்க வேண்டும். பிடுங்குவதைவிட மரத்துப்போகப் போடும் ஊசியே சில சமயம் ஆபத்து. கீழ்த்தாடையின் பின்பக்கம் நரம்பை ஒட்டி ஆழமாகப் போடும்போது உள்ளே ரத்தம் கட்டினால் அது தொண்டை வரை பரவி மூச்சையே அடைக்கலாம். ஃபாக்டர் ஏற்றாமல் அந்த ஊசிக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அப்புறம், ரத்தம் நின்றுவிட்டது என்று அன்றைக்கே நிம்மதியாகிவிடக் கூடாது. உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் தன்மை எச்சிலுக்கு உண்டு, அதனால் சில நாள் கழித்துக்கூட மறுபடி கசியும். தையல் போட்டு, உறைந்த ரத்தம் கரையாமல் தடுக்கும் டிரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரையோ வாய் கொப்பளிக்கும் கரைசலோ ஒரு வாரம் வரை கொடுப்பது இதனால்தான். வலிக்குப் பாராசிட்டமால் போதும், ஆஸ்பிரினும் இப்யூபுரூஃபனும் வேண்டாம்.

பிடுங்கிய பல்லுக்குப் பதிலாக இம்ப்ளான்ட் என்கிற நிலையான செயற்கைப் பல்? முடியாது என்றில்லை. ஆனால் எலும்பில் திருகு பதிப்பது, அது எலும்போடு சேர மாதக்கணக்கில் காத்திருப்பது, சிலருக்கு மறுபடி ஈறைத் திறப்பது என்று பல கட்டம், ரத்தம் வரக்கூடிய ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித் திட்டம் வேண்டும். கீழ்த்தாடையில் துளையிடும்போது உள்பக்கம் துளைத்துவிட்டால் நாக்குக்கு அடியில் ரத்தம் சேரும், அதனால் ஸ்கேன் எடுத்து எலும்பை அளக்காமல் தொடங்க விடாதீர்கள். இன்ஹிபிட்டர் உள்ளவர்களுக்கு, அதாவது ஏற்றும் ஃபாக்டரையே உடம்பு முறியடித்துவிடுகிறவர்களுக்கு, கழற்றி மாட்டும் பல்செட்டை முதலில் யோசிப்பதே நல்லது என்பது என் கருத்து. எட்டாவது ஃபாக்டரின் வேலையைச் செய்யும் எமிசிசுமாப் ஊசியைப் போட்டுக்கொள்பவர்களும் அந்த மருந்தே போதும் என்று தாங்களாக முடிவு செய்ய வேண்டாம்.

தேதி குறிக்கும்முன் ஒன்று கேளுங்கள்: ராத்திரி ரத்தம் வந்தால் யாரைக் கூப்பிடுவது, ஃபாக்டர் எங்கே கிடைக்கும்? சரியான பதில் வரும்வரை நாற்காலியில் உட்காராதீர்கள்.