மொய் நோட்டும் மாதக் கணக்கும்

நான் ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதுகிறவன். யார் பாக்கி எத்தனை நாளாக நிற்கிறது என்று கேட்டால் ஏட்டைப் புரட்டாமலே சொல்வேன். வீட்டுக் கணக்கு மட்டும் பல ஆண்டுகளாகக் கைகூடவில்லை. ஒவ்வொரு ஜனவரியும் கடையில் கொடுக்கும் புது டைரியில் பிள்ளையார் சுழி போட்டு ஆரம்பிப்பேன். மளிகை, பால், சிலிண்டர், பள்ளி வேன், பஸ், அம்மாவின் மாத்திரை. என் சம்பளம் 24,000, மனைவி தையலில் ஈட்டுவது ஏறக்குறைய 7,000. எழுதிப் பார்த்தால் மாதம் 3,000 மிஞ்ச வேண்டும். மிஞ்சியதே இல்லை. தை முடிவதற்குள் டைரி பரணுக்குப் போய்விடும்.

சிக்கனத்துக்கு வழி சொல்கிறவர்களின் காணொளிகளையும் பார்த்தேன். எல்லோரும் முதலில் கை வைப்பது டீயில்தான். சரி என்று ஒரு மாதம் டீக்கடைப் பக்கமே போகாமல் இருந்தேன். நாளைக்கு இரண்டு டீ, 24 ரூபாய், 26 நாள். 624 ரூபாய் மிச்சம். அதே மாதம் ஒரு காதணி விழாவுக்குப் போய் 2,000 ரூபாய் மொய் எழுதிவிட்டு வந்தேன். தலைவலிதான் மிஞ்சியது.

உண்மை உறைத்தது 2024 ஆடியில். எங்கள் ஊர் ஆலங்குடிப் பக்கம். புதுக்கோட்டை, தஞ்சை மாவட்டங்களின் இந்தப் பகுதியில் ஆடியும் ஆவணியும் மொய் விருந்துக் காலம். கல்யாணமோ காதுகுத்தோ இருக்க வேண்டியதில்லை. பணம் தேவைப்படுகிற குடும்பங்கள் சேர்ந்து பந்தல் போட்டு, கிடா வெட்டிக் கறிச்சோறு போடும். சாப்பிட்டு எழுந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் எழுத்தர்களிடம் போய் மொய் எழுதுவார்கள். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. வாங்கியவர், கொடுத்தவர் வீட்டு விருந்தில் திருப்பிச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். ஒரு குடும்பம் பொதுவாக ஐந்தாண்டுக்கு ஒருமுறை வைக்கும்.

அந்த ஆடியில் ஒரே வாரத்தில் மூன்று பத்திரிகைகள் வந்தன. செய்ய வேண்டியது 16,000. கையில் இருந்தது 3,500. மனைவி ஒன்றும் சொல்லாமல் சங்கிலியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். திட்டியிருந்தால் தேவலை. 15,000-க்கு அடகு வைத்தேன். நூற்றுக்கு ஒன்றரை வட்டி, மாதம் 225. மீட்டது தையில், ஏழு மாத வட்டி 1,575.

சங்கிலி போன அன்று இரவு மொய் நோட்டை எடுத்தேன். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய நீள நோட்டு. மஞ்சள் வெளுத்து, ஓரத்தில் எப்போதோ சிந்திய ரசத்தின் கறை. 2022 ஆடியில் நாங்கள் வைத்த விருந்தின் கணக்கு அது. மொத்தம் 3,86,500. விருந்துச் செலவு 82,000 போக மீதியில்தான் வீட்டுக்குத் தளம் போட்டோம். முதல் பக்கத்தின் தலையில் என் கையெழுத்திலேயே ‘வரவு’ என்று எழுதியிருந்தது. அந்தச் சொல்லைப் பார்த்ததும் எனக்கே சிரிப்பு வந்தது. கடையில் யாராவது கடனாக வாங்கிய சரக்கை வருமானம் என்று எழுதினால் முதலாளி என்னை அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

பெயர் பெயராகப் பிரித்தேன். அப்பா காலத்தில் நாங்கள் செய்து, திரும்பி வந்த பழைய மொய் 1,40,000. அது எங்கள் பணம். மீதி 2,46,500 புது மொய், அதாவது கடன். ஐந்தாண்டுக்கு 60 மாதம்; வகுத்தால் 4,108. டைரியில் மாதம் 3,000 மிஞ்சும் என்று நான் எழுதிக்கொண்டிருந்தபோது, எழுதாத ஒரு தவணை 4,108 ரூபாய்க்கு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. டீயைச் சந்தேகப்பட்டது எவ்வளவு பெரிய பாவம்!

இதைவிட வெட்கமானது இன்னொன்று. பத்திரிகை வைத்த மூன்று வீட்டாரும் 2019-இல் வைத்தவர்கள். ஐந்தைக் கூட்டினால் 2024. இதைத் தெரிந்துகொள்ள ஜோசியமா பார்க்க வேண்டும்? எதிர்பாராத செலவு என்று நான் ஐந்து வருஷம் முன்பே தேதி குறிக்கப்பட்ட ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நோட்டில் ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும், அவர்கள் கடைசியாக வைத்த ஆண்டை அம்மாவிடம் கேட்டுக் குறித்தேன். அம்மாவுக்கு இரண்டு பெயர்தான் நினைவில்லை. எங்களுக்கு வர வேண்டிய சிலவற்றை அன்றே அடித்துவிட்டேன். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்த பிறகு பிழைப்புத் தேடிப் போனவர்கள் அவர்கள். கடைக் கணக்கில் இதற்கு வராக்கடன் என்று பெயர். அவர்களைத் தேடிப் போய்க் கேட்க மனம் வரவில்லை.

சங்கிலியை மீட்ட கையோடு, பிப்ரவரியிலிருந்து மாதம் 4,100 தனியாக எடுத்து வைக்கிறேன். முதலில் தபால் நிலையத்தில் ஐந்தாண்டு ஆர்.டி. போடத்தான் நினைத்தேன். 60 தவணை, கணக்கும் அழகாகப் பொருந்துகிறது. ஆனால் ஆடி ஆண்டுதோறும் வரும், ஆர்.டி.யை நினைத்தபோதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க முடியாது. அதே தபால் நிலையத்தில் சாதாரண சேமிப்புக் கணக்கு தொடங்கினேன். வட்டி குறைவுதான். அடகு வட்டி கட்டியவனுக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை.

மொய்யைப் பார்த்த கண்ணுக்கு மற்றதும் தெரிந்தது. ஜூனில் பள்ளிக் கட்டணம், தீபாவளித் துணி, வண்டி இன்ஷூரன்ஸ் எல்லாவற்றையும் பன்னிரண்டால் வகுத்து மாதக் கணக்கில் ஏற்றினேன். கணக்கு இடிக்கத்தான் செய்தது. வேனை நிறுத்திவிட்டுப் பையனைப் பஸ்ஸில் அனுப்புகிறோம். மின் கட்டணத்தை மனைவி பார்த்துக்கொள்கிறாள். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, அதற்குள் இருக்கும் சில யூனிட்டுகளுக்கும் விலை கூடிவிடும். ஒரு கோடையில் 514 வந்து வயிறெரிந்தவள், இப்போது நாற்பத்தைந்தாம் நாளே மீட்டரடியில் போய் நிற்கிறாள்.

இந்த ஆடியில் நான்கு பத்திரிகைகள், மொத்தம் 21,000. கணக்கில் 24,600 சேர்ந்திருந்தது. நான்கு விருந்திலும் நிம்மதியாகக் கறிச்சோறு சாப்பிட்டேன். மொய் எழுதிய இடத்தில் கம்ப்யூட்டர் ரசீது கொடுத்தார்கள். கடைசி விருந்து முடிந்து வந்ததும் மனைவி நோட்டைத் திறந்து, நான்கு பெயர்களின் மேலும் அளவுகோல் வைத்துச் சிவப்புக் கோடு போட்டாள்.

திண்ணையிலிருந்து அம்மா கேட்டார்: “2027-இல் நாம் வைக்கும்போது மூன்று கிடா போதுமா தம்பி?”

மனைவியின் பேனா நின்றது. “வைப்பதா வேண்டாமா என்று முதலில் பேசுவோம் அத்தை. மேற்கொண்டு கூட்டிச் செய்யாமல் வாங்கியதை மட்டும் திருப்பிக் கொடுத்தால் கணக்கு முடிந்துவிடும்.”

“கணக்கை முடிப்பதா? உன் மாமனார் நாற்பது வருஷமாகச் சேர்த்த உறவு அது.”

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. நான் சட்டையை மாட்டிக்கொண்டு டீ குடிக்கக் கிளம்பிவிட்டேன்.