கோல்ஃப் முதுகுவலிக்குக் கைரோபிராக்டிக்: முதல் நாளிலிருந்து டிரைவர் கிளப்பைக் கையில் எடுக்கும் வரை

கோல்ஃப் ஆடி இடுப்பு பிடித்துக்கொண்டு வருபவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "ஒரு நெட்டி எடுத்துவிட்டால் சரியாகிவிடுமா?" மூட்டுகளைக் கையால் தள்ளி அசைக்கும் கைரோபிராக்டிக் சிகிச்சையால் வலி குறையலாம். ஆனால் வலியைக் கொண்டுவந்த ஸ்விங், அதாவது கோல்ஃப் மட்டையை (கிளப்) வீசும் முறை, அப்படியே இருக்கும்.

கீழ்முதுகின் ஐந்து எலும்புகளும் முன்னும் பின்னும் வளைவதற்கு அமைந்தவை. சுற்றித் திரும்புவது அவற்றின் வேலை இல்லை. ஒவ்வொன்றும் 1 அல்லது 2 டிகிரிதான் திரும்பும், ஐந்தையும் கூட்டினாலும் ஒரு பக்கத்துக்குச் சுமார் 10 டிகிரி, அவ்வளவுதான். நடுமுதுகு 30 டிகிரிக்கு மேல் திரும்பும். இடுப்பு மூட்டும் உட்புறமாக அதே அளவுக்குச் சுழலும். முழு பேக்ஸ்விங்கில் (கிளப்பைப் பின்னால் தூக்கும் கட்டம்) தோள் 90 டிகிரி வரை போகிறது. நடுமுதுகோ இடுப்பு மூட்டோ விறைத்திருந்தால், குறைகிற திருப்பத்தைக் கீழ்முதுகின் தலையில்தான் கட்டுகிறோம். வலிக்கும் இடம் ஒன்று, பழுது இருக்கும் இடம் வேறு என்பது கோல்ஃபில் அடிக்கடி நடக்கிறது.

அதனால் முதல் நாளில் மேசையில் படுக்கவைப்பதற்கு முன் கேள்விகளுக்குத்தான் நேரம் போக வேண்டும். ஸ்விங்கின் எந்தக் கட்டத்தில் வலிக்கிறது என்று கவனித்துவிட்டு வாருங்கள். பந்தை அடித்து முடித்து நிமிரும்போது பின்னங்கைப் பக்கம், அதாவது வலது கை ஆட்டக்காரருக்கு வலப்பக்கம் குத்தினால், முதுகெலும்பின் பின்பக்க மூட்டுகளைச் சந்தேகிப்போம். பந்தைக் குனிந்து எடுக்கும்போதும் காரில் வெகுநேரம் உட்கார்ந்த பிறகும் கூடினால் முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள வட்டுப் பக்கம் யோசனை போகும். கால் மரத்துப்போவது, பாதம் தூக்க முடியாமல் இழுப்பது, சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டில் நிற்காதது, தொடை இடுக்கில் உணர்வு மங்குவது, காய்ச்சலோடு வரும் முதுகுவலி ஆகியவற்றில் எது இருந்தாலும் நெட்டி எடுக்கும் பேச்சே வேண்டாம். நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

மணிக்கட்டு பற்றியும் ஒரு எச்சரிக்கை. தரையில் ஓங்கி அடித்த பிறகு ஸ்விங்கில் முன்னால் நிற்கும் கையின் (வலது கை ஆட்டக்காரருக்கு இடது கை) உள்ளங்கையில், சுண்டுவிரல் பக்க மேட்டை அழுத்தினால் சுரீர் என்கிறதா? கிளப்பின் பிடிமுனை மோதி அங்குள்ள கொக்கி போன்ற சிறு எலும்பு உடைந்திருக்கக்கூடும். சாதாரண எக்ஸ்ரேயில் அது பெரும்பாலும் தப்பிவிடும், சிடி ஸ்கேனில் தெரியும். அதைச் சுளுக்கு என்று நினைத்து இழுத்துவிடுவது பெரும் தவறு. விலாவில் நாளாக நாளாகக் கூடும் வலியும் இதே ரகம்தான்: எலும்பில் கீறல் இல்லை என்று தெரியும்வரை அங்கே அழுத்தம் கொடுக்கக் கூடாது.

அடுத்தது அளவு. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவே ஒரு துண்டை இறுக்கி, கிளப்பை மார்பின் குறுக்கே பிடித்துத் திரும்புங்கள். இரண்டு பக்கமும் 45 டிகிரி வர வேண்டும். வராவிட்டால் நடுமுதுகில் வேலை இருக்கிறது. அதே நாற்காலியில் முழங்காலை நகர்த்தாமல் பாதத்தை மட்டும் வெளிப்பக்கம் தூக்கினால், இடுப்பு மூட்டின் உட்சுழற்சி தெரியும். வலது கை ஆட்டக்காரருக்கு இடது இடுப்பில் இது குறைந்திருந்தால், ஃபாலோ த்ரூவில் (பந்தை அடித்த பிறகு கிளப் தொடர்ந்து போகும் கட்டம்) உடல் போக வழியில்லாமல் முதுகை முறுக்கும். அது சரியாகும்வரை இடது பாதத்தை 20 - 30 டிகிரி வெளியே திருப்பி நின்று ஆடுங்கள். உடனே பாரம் குறையும்.

சிகிச்சை சில நிமிடங்களில் முடிந்துவிடும். நடுமுதுகுக்குக் குப்புறப் படுக்கவைப்பார்கள், கீழ்முதுகுக்கு ஒருக்களித்து. மூச்சை முழுக்க விட்டு முடிக்கும் நொடியில் குறுகிய, வேகமான ஒரு தள்ளல் வரும். மூச்சை அடக்கிக்கொண்டு விறைத்தால் தசை எதிர்க்கும், வலிக்கும். சொடக்குச் சத்தம் மூட்டுத் திரவத்தில் குமிழி உண்டாவதால் வருவது, எலும்பு இடம் மாறியதற்கான அடையாளம் அல்ல. சத்தம் வராவிட்டாலும் குறையில்லை. ஒன்றிரண்டு நாள் உடம்பு கனத்திருக்கும். கழுத்தைத் திருப்பிவிடுவது விருப்பமில்லை என்றால் தயங்காமல் சொல்லிவிடுங்கள். அரிதாகக் கழுத்து இரத்தக்குழாய் கிழியும் அபாயம் உண்டு. சிகிச்சைக்குப் பின் புதிதாகக் கடும் கழுத்துவலியோ தலைவலியோ தலைசுற்றலோ பேச்சுக் குழறலோ வந்தால் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

பலர் கோட்டைவிடுவது இதற்குப் பிறகுதான். மேசையில் கிடைத்த அசைவு கொஞ்ச நேரத்துக்குத்தான் நிற்கும். அன்றைக்கே பயிற்சி செய்யாவிட்டால் பழைய விறைப்பு திரும்பிவிடும். ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களை 90 டிகிரி மடக்கி, அவற்றுக்கு நடுவே மடித்த துண்டை வையுங்கள். மேல்கையைப் புத்தகம் திறப்பதுபோல் பின்னால் விரியுங்கள், பக்கத்துக்கு 8 முதல் 10 முறை. துண்டு நழுவினால் முழங்கால் விலகிவிட்டது, கீழ்முதுகு திரும்புகிறது என்று அர்த்தம். அந்த இடத்துக்குச் சற்று முன்பே நிறுத்துங்கள். பிறகு பக்கவாட்டுப் பிளாங்க் (ஒருக்களித்து முழங்கையை ஊன்றி உடலை நேராகத் தூக்கிப் பிடிப்பது), 10 நொடி, பக்கத்துக்கு 5 முறை. முழங்கை உள்பக்கம் வலிப்பவர்கள் உள்ளங்கை மேலே பார்க்க ஒரு கிலோ எடையைப் பிடித்து, மணிக்கட்டை 3 - 4 நொடி எடுத்து மெதுவாக இறக்க வேண்டும், 15 முறை வீதம் மூன்று சுற்று. ஏற்றுவதற்கு மற்றக் கையால் உதவுங்கள்.

வாரம் இருமுறை, இரண்டு மூன்று வாரம் போதும், பிறகு நாற்காலிச் சோதனையை மறுபடி எடுக்க வேண்டும். ஐந்தாறு அமர்வுக்குப் பின்னும் வலியும் அளவும் அசையவில்லை என்றால் திட்டத்தை மாற்றச் சொல்லுங்கள். முதல் நாளே மாதக்கணக்கான அமர்வுகளுக்கு முன்பணம் கேட்கும் இடத்தை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

ஆட்டத்துக்குத் திரும்புவது சின்ன ஸ்விங்கிலிருந்து. முதலில் சிப்பிங் (பந்தைக் கொஞ்ச தூரம் மட்டும் தட்டிவிடுவது), பிறகு குட்டையான கிளப்பான வெட்ஜில் அரை ஸ்விங், பிறகு நடுத்தர நீளக் கிளப்பான 7 அயர்னில் 20 பந்து. பட்டிங் (பந்தைக் குழிக்குள் உருட்டுவது) எளிது என்று நினைத்து ஒரு மணி நேரம் குனிந்து நிற்காதீர்கள், வட்டு வலிக்காரருக்கு அதுதான் வினை. அன்று எப்படி இருந்தது என்பதைவிட மறுநாள் காலை எப்படி இருக்கிறது என்பதே கணக்கு. விறைப்பு கூடியிருந்தால் முந்தைய படிக்கு இறங்குங்கள். 7 அயர்னில் முழு ஸ்விங் அடித்த மறுநாள் இரண்டு முறை தொடர்ந்து வலியில்லாமல் எழுந்தால், மூன்றாவது முறை டிரைவரை (தூரமாக அடிக்க உதவும் மிக நீளமான கிளப்) எடுக்கலாம், பத்துப் பந்துக்கு மேல் வேண்டாம்.