வலிக்கவில்லை என்று சொன்ன கால்

பதினான்கு வருடமாக ஒரு மாவட்ட மருத்துவமனையின் அறுவை சிகிச்சை வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். எத்தனை பேருக்குக் கட்டு மாற்றியிருப்பேன் என்று கணக்கே இல்லை. ஆனாலும் சிவகங்கைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஒரு பெரியவரின் கால் மட்டும் கண்ணிலேயே நிற்கிறது. வலது உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே இருக்கும் மேட்டில், ஐந்து ரூபாய் நாணயம் அகலத்துக்குப் புண். கருவேல முள் குத்தியது அவருக்கே தெரியாது. பாயில் கறையைப் பார்த்து அவர் மனைவிதான் காலைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். பன்னிரண்டு வருடச் சர்க்கரை.

தினமும் காலையில் நான்தான் கட்டு மாற்றுவேன். ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றியதும் புண் பொங்கி நுரைக்கும். "கிருமியெல்லாம் சாகுது பாரு" என்று பக்கத்துக் கட்டில்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். அப்புறம் பெட்டடீனில் நனைத்த காஸ் துணி, மேலே பஞ்சு, கட்டு. மறுநாள் காலைக்குள் காஸ் காய்ந்து புண்ணோடு ஒட்டியிருக்கும். பிய்த்தால் பொட்டுப் பொட்டாக ரத்தம் வரும்.

"வலிக்குதாய்யா?"

"ஒண்ணும் தெரியல தாயி. நீ பாட்டுக்குச் செய்யி."

வலிக்காதது நல்லதுதானே என்று நினைத்தேன். ஆறு வாரம் இப்படியே போனது. புண் துளியும் சுருங்கவில்லை. சர்க்கரைப் புண் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நான் பயிற்சி பெறாதவள் அல்ல. பதிவைப் புதுப்பிக்க ஐந்தாண்டில் 150 மணி நேரத் தொடர் கல்வி வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. மண்டபத்தில் உட்கார்ந்து, குறிப்பெடுத்து, சான்றிதழ் வாங்கிய மணி நேரங்கள் என்னிடமும் இருந்தன. ஆனால் நான் கட்டுப் பிரிக்கும்போது பக்கத்தில் நின்று என் கையைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை.

முதல்முதலாகப் பார்த்தவர், இரண்டு நாள் பயிற்சி கொடுக்க வந்த ஒரு மூத்த சிஸ்டர். வகுப்பை வார்டிலேயே வைத்துக்கொண்டார். பெரியவரின் புண்ணிலிருந்து நான் பிய்த்த காஸை டிரேயிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். சிவப்பாக, ரவை மாதிரி என்னவோ ஒட்டியிருந்தது. "இது அழுக்கு இல்லம்மா. நேத்து ராத்திரி வளர்ந்த சதை" என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆறு வாரமாக அந்த உடம்பு ராத்திரி கட்டியதை நான் காலையில் பிய்த்திருக்கிறேன்.

'காத்தாட விடு, காய்ஞ்சா ஆறிடும்' என்று வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். 1962இல் ஜார்ஜ் விண்டர் என்பவர் பன்றித் தோலில் சிறு காயங்கள் செய்து, சிலவற்றைத் திறந்து விட்டார், சிலவற்றைப் பாலித்தீன் படலத்தால் மூடினார். மூடியவற்றில் புதுத்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் படர்ந்தது. பொருக்கு தட்டிக் காய்ந்த காயத்தில் தோல் செல்கள் ஈரத்தைத் தேடி அடியில் குடைந்துகொண்டு போக வேண்டும். ஈரம் இருந்தால் நேராக நகர்ந்துவிடும். அதற்காக ஊறவும் விடக்கூடாது. சுற்றியுள்ள தோல் வெளுத்துப்போனால் அதுவும் கெடுதல்தான். நான் நம்பியிருந்த பெராக்சைடு, கிருமியோடு சேர்த்துப் புது செல்களையும் கொன்றுகொண்டிருந்தது.

அந்த சிஸ்டர் ஒரு நைலான் இழையை எடுத்தார். வளையும்வரை அழுத்தினால் 10 கிராம் அளவு விசை தரும். பெரியவரைக் கண்ணை மூடச் சொல்லி, புண்ணை விட்டுத் தள்ளி உள்ளங்காலில் ஒவ்வொரு இடமாகத் தொட்டார். தொட்டது தெரிந்தால் பெரியவர் 'ம்' சொல்ல வேண்டும், காத்திருந்தோம். பத்து இடத்தில் இரண்டு முறைதான் சொன்னார். அவர் மனைவி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கைகால் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாமல் திரும்பத் திரும்பக் காயப்பட்டுத்தான் போகின்றன என்று விளக்கினார். புண்பட்ட காலின் மேல் பாரம் ஏறாமல் பார்ப்பதே முதல் வைத்தியம். சர்க்கரையால் மரத்த காலுக்கும் இது பொருந்தும். இதே தமிழ்நாட்டில் கண்ட விஷயம் என் கைக்கு வந்து சேர இத்தனை காலமானதை நினைத்தால் இன்னமும் ஆற்றாமையாக இருக்கிறது. பெரியவர் தினமும் மூன்று முறை அதே காலை ஊன்றி டீக்கடைக்குப் போய்வந்தார். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அப்புறம் செய்ததெல்லாம் பெரிய செலவில்லை. சலைன் என்கிற உப்புநீரில் கழுவி, ஒட்டாத பாரஃபின் காஸ் வைத்தோம். சர்ஜன் ஓரத்தில் தடித்திருந்த தோலைச் செதுக்கினார், நாடித் துடிப்பைப் பார்த்தார், எலும்புக்குச் சீழ் இறங்கவில்லை என்று எக்ஸ்ரேயில் உறுதி செய்தார். டீயைக் கட்டிலுக்கே வரவழைத்தோம். பெராக்சைடு இல்லாமலா என்று வார்டில் கொஞ்சம் முணுமுணுப்பு இருந்தது, சரி.

எனக்குப் பிடித்த வேலை வாரா வாரம் வரைவது. சுத்தமான பிளாஸ்டிக் தாளைப் புண்மேல் வைத்து, மார்க்கரால் ஓரத்தைச் சுற்றி வரைந்து, தேதி போடுவேன். நான்கு வாரத்தில் பரப்பு பாதியாவது குறையாவிட்டால் சிகிச்சையை மறுபடி யோசிக்க வேண்டும். முதல் வரைபடம் பெரிய மொச்சைக் கொட்டை போல இருந்தது. நான்காவதைப் பார்த்ததும் அந்த அம்மா, "உளுந்து கணக்கா ஆயிருச்சே" என்றார். பதினோராவது வாரம் வரைய ஒன்றும் இல்லை.

உள்ளங்காலுக்கு மெத்தென்ற எம்.சி.ஆர். (நுண்துளை ரப்பர்) செருப்போடு வீட்டுக்கு அனுப்பும்போது, ஆறிய இடத்தில்தான் மறுபடி வரும், தினமும் கண்ணாடி வைத்து இரண்டு காலையும் பாருங்கள், தொட்டுச் சூட்டையும் பாருங்கள் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். சொன்னதோடு விடாமல், கண்ணாடியைப் பிடித்துக் காட்டச் சொல்லிப் பார்த்தேன்.

எட்டு மாதம் கழித்து இருவரும் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து நின்றார்கள். இந்த முறை இடது கால். புண் இல்லை, தோல் உரியவும் இல்லை. சுண்டுவிரல் பக்கம் செருப்பு வார் பட்ட இடத்தில் லேசான சிவப்பு.

"மத்த இடத்தைவிட இங்க சுடுது சிஸ்டர்" என்று என் கையைப் பிடித்து அங்கே வைத்தார் அந்த அம்மா. சுட்டது.